வாசலில் வேப்பிலை

"கூடப் பொறந்தவளையே வாசல்ல நிறுத்துறியாடி?"

இருசம்மாள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. கையில் தம்பிக்காகக் கொண்டுவந்த குழம்புத் தூக்கு.

முகத்தில் மாஸ்க்கோடு ஜோதி கதவை மறித்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. கிட்னி மாத்துனதுக்கு அவரு போடுற மாத்திரை, உடம்போட எதிர்ப்புச் சக்தியையே அடக்கிடுதாம். அதான் போன மாசம் வைரஸ் மூளை வரைக்கும் போயிடுச்சு. இன்னொரு காய்ச்சல் வந்தா தாங்க மாட்டாரு, யாரையும் உள்ள விடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஊரு உலகத்துல இல்லாத வைரஸு! எனக்கென்ன சீக்கா?" என்றவள், அதே வாயோடு இருமினாள்.

எதிர்வீட்டு ரத்தினம்மாள் சிரித்தாள். "எங்களையும் இப்படித்தான் வெரட்டுறா. நாளைக்கு நாலு பேரு சேந்து வரோம். எப்படித் தடுக்குறான்னு பாப்போம்."

ஜோதிக்குக் கண் கலங்கியது. "ஜன்னல் வழியா வேணா பாருங்க, அண்ணி."

இருசம்மாள் ஜன்னலருகே போனாள். கட்டிலில் கிடந்த அரியமுத்து அக்காவை உற்றுப் பார்த்தான்.

"ஜோதி, யாரோ வந்திருக்காங்க பாரு. குடிக்கத் தண்ணி குடு."

இருசம்மாள் தூக்கை வாசற்படியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

"ரோசக்காரி. இனி இந்தப் பக்கமே திரும்ப மாட்டா" என்றாள் ரத்தினம்மாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்த ஜோதி திகைத்தாள். நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

சொன்னபடியே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்த ரத்தினம்மாள், பாதித் தெருவிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்கா! அம்மை போட்ட வூட்டுக்குள்ள போவக் கூடாது. திரும்புங்கடி."

ஜோதி போனை எடுத்தாள். "அண்ணி, இங்க யாருக்கும் அம்மை இல்லையே. வேப்பிலைய யாரு..."

"நாந்தான் கட்டுனேன். டாக்டர் சொன்னா எவ கேக்குறா? ஆத்தான்னா தெருவே கேக்கும். அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கட்டியிருக்கேன். நீ பாட்டுக்குக் கடுகு தாளிச்சிடாத. அம்மை வூட்டுல ஏது தாளிப்புன்னு மோப்பம் புடிச்சிடுவாளுங்க."

அழுகைக்கு நடுவே ஜோதிக்குச் சிரிப்பு வந்தது.

"இலை காஞ்சா நானே வந்து மாத்திக் கட்டுறேன். உள்ள வர மாட்டேன்டி. ஜன்னல மட்டும் தொறந்து வை. நான் யாருன்னு அவனுக்கு ஞாபகம் வர்ற வரைக்கும், தெனமும் தள்ளி நின்னு மூஞ்சியக் காட்டிட்டுப் போறேன்."