இரண்டாவது கருவி

"வேகமா ஓட்டித்தான் செத்தான்னு ஊரே பேசுது. உண்மையை நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்று மகனின் நசுங்கிய காரை மெக்கானிக்கிடம் ஒப்படைத்திருந்தார் அப்பா.

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து மெக்கானிக் தலையை நிமிர்த்தினார்.

"பையன் மேல தப்பே இல்ல சார். ஓடும்போதே இன்ஜின் நின்னிருக்கு. வளைவுல ஸ்டியரிங் இறுகிப்போய் சுவத்துல மோதிட்டான்."

"அப்பாடா! ஊர் வாயை மூட உலைமூடி கிடைச்சிடுச்சு. இன்ஜின் ஏன் நின்னுச்சு?"

"இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போற டயக்னாஸ்டிக் போர்ட் ஒண்ணு, அதுல கருவி ரெண்டு. வேகத்தைக் கூட்டுற கருவி, பையன் ஆசைப்பட்டு எங்கிட்ட மாட்டிக்கிட்டது. வேகத்தைக் குறைக்கிற இன்னொண்ணை யாரோ போர்ட்டுக்குப் பின்னால ஒளிச்சு மாட்டியிருக்காங்க. ஒரே உறையில ரெண்டு கத்தி! ரெண்டும் மாத்தி மாத்திக் கட்டளை போட்டா இன்ஜின் என்ன செய்யும்? எந்தப் பாவி செஞ்ச வேலையோ!"

அப்பா நசுங்கிய கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வேகமாப் போய் உயிரை விட்டுடுவானோன்னு பயந்து, அவனுக்குத் தெரியாம... நான்தான் மாட்டினேன்."