விக்கிக்கு ஃபிரேம் வேண்டாம்

“விக்கியோட கழுத்து நல்லாத் தெரியணும் சார். மணி, கயிறுன்னு எதையும் போட்டு மறைச்சுடாதீங்க” என்று சொல்லிவிட்டு அரியமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓவியர் கலைவாணன் மேசையில் கிடந்த போட்டோக்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே கருப்புக் கெடா, நெற்றியில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. ஒன்றில் அரியமுத்துவின் மகள் வெற்றிச்செல்வி அதைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

பெரம்பலூரில் கடை என்றாலும் கலைவாணனுக்கு வெளியூர் ஆர்டர்தான் அதிகம். செத்துப்போன நாய், பூனைகளைப் போட்டோவைப் பார்த்தே உயிரோடு கொண்டுவந்து நிறுத்துவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் பேசுவதும் அவருக்கு அத்துப்படி.

“மனசைத் தேத்திக்குங்க. பொண்ணு எப்படி இருக்கு?”

“ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது சார். எங்கிட்டப் பேசறதே இல்ல. இந்தப் படம் மட்டும் சரியா வரலைன்னா அவ மூஞ்சியில நான் முழிக்கவே முடியாது.”

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் மனிதர், ஓர் ஆட்டுக்காக இப்படி உருகுகிறாரே என்று கலைவாணன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நிசத்துல எவ்ளோ பெருசோ அவ்ளோ பெருசு வேணும் சார்.”

“போட்டுடலாம்.”

“தண்ணி தெளிச்சா பெயிண்ட் அழிஞ்சுடாதுல்ல?”

“குடத்தோட ஊத்துங்க, ஒண்ணும் ஆவாது. தேக்குல ஃபிரேம் போட்டுட்டா இன்னும் நல்லாருக்கும்.”

“ஃபிரேம் வேண்டாம் சார். துணி மட்டும் போதும்.”

பாவம், வசதி அவ்வளவுதான் போலிருக்கிறது என்று கலைவாணன் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு விக்கியோடு உட்கார்ந்தார். கொம்பின் முறுக்கு, தாடியில் பழுப்பேறிய முடி, எதையும் விடவில்லை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், கெடா இப்போது தும்மிவிடும் போலிருந்தது. தான் வரைந்ததிலேயே இதுதான் உசத்தி என்று மனைவி சசிகலாவிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியாததால் இன்னொரு தடவையும் சொன்னார்.

வியாழக்கிழமை வந்த அரியமுத்து, படத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அச்சு அசல் அவனேதான் சார். எம்பொண்ணக் காப்பாத்திட்டீங்க.”

உடனே மகளுக்கு வீடியோ கால் போட்டார். போனில் வெற்றிச்செல்வியின் வாடிய முகம் தெரிந்தது.

“அவன மாதிரியே இருக்காப்பா?”

“இருக்கு பாப்பா. நீ மொதல்ல சாப்புடு.”

அப்போது அவள் தோளுக்கு மேலே ஒரு கருப்புத் தலை நீண்டது. வாயில் தழை, நெற்றியில் வெள்ளை. கலைவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“என்னங்க இது? விக்கி செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே!”

“அய்யய்யோ, நான் எப்ப சார் சொன்னேன்? பாப்பாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தப்ப முனியப்பனுக்கு நேந்துவுட்ட கெடா அது. பொழச்சு வந்த புள்ள, இப்ப அதத் தொட வுட மாட்டேங்கறா. பூசாரி கால்ல வுழுந்து எப்படியோ சம்மதம் வாங்கிட்டேன்.”

“எதுக்குச் சம்மதம்?”

அரியமுத்து படத்தைப் பதமாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நாளைக்கு இதத்தான் சார் வெட்டறோம்.”