போய்விட்ட குறுஞ்செய்தி

மருத்துவமனையின் இணையதளத்துக்கு நிரல் எழுதியவள் எஸ்தர். தானமாக வரும் சிறுநீரகத்தை ஒரு நோயாளிக்கு ஒதுக்கி, அவர் பெயரைக் காத்திருப்போர் வரிசையிலிருந்து நீக்கி, கடைசியில் ரத்தப் பொருத்தத்தைச் சரிபார்க்கும் நிரல் அது. எந்தப் படியில் பிசகினாலும், ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாப் பதிவும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அன்று காலை பேச்சியம்மாள் என்ற நோயாளிக்குப் பொருத்தம் சரியில்லை. ஒதுக்கீடு ரத்தாகி, அவள் பெயர் மறுபடி வரிசைக்கே போய்ச் சேர்ந்தது. ‘சிறுநீரகம் கிடைத்துவிட்டது, உடனே வரவும்’ என்ற குறுஞ்செய்தி மட்டும் திரும்பவில்லை. பதிவு உறுதியாவதற்கு முன்பே அது போகும்படி எஸ்தர் எழுதியிருந்தாள்.

எஸ்தர் காத்து நின்ற மருத்துவமனை வாசலில் வாடகை வேன் வந்து நின்றது. பேச்சியம்மாளின் கணவர் முத்துராக்கு முதலில் இறங்கி வந்தார். எஸ்தர் தலையைக் குனிந்தபடி நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

“மெதுவாப் பேசும்மா,” என்றார் அவர். “வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தா. அவ சிரிச்சு எம்புட்டு நாளாச்சு.”

அதற்குள் பேச்சியம்மாள் பக்கத்தில் வந்துவிட்டாள்.

“மெசேஜ் போட்டது நீங்கதானா தாயி?”

“ஆமாம்மா. நான்தான்.”

டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் அவள் எஸ்தரின் விரல்களைப் பற்றி, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். பின்னால் நின்ற முத்துராக்கு, இப்போது வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எஸ்தரால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை.