ஆறு பேர் தேவை

மூடிக் கிடந்த தையல் கம்பெனி வாசலில் மூன்றாவது நாளாக நின்றவளை, வேனில் வந்த கண்ணாடி போட்ட ஒருவர் தானாகவே கூப்பிட்டார்.

"வேலைதானேம்மா வேணும்? பெரிய இடம். ஏறு."

சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள் என்பதால் கம்பெனியில் அவள் பெயரே காஜா. கூட வேலை பார்த்த ஐந்து பெண்கள் ஏற்கெனவே வேனுக்குள் இருந்தார்கள். அந்தத் தைரியத்தில் ஏறினாள்.

கதவு சாத்தியதும் அவர் குரல் மாறியது. "போன், அடையாள அட்டை எல்லாத்தையும் இந்தப் பையில போடுங்க."

வேன் ஒரு பெரிய கட்டடத்தின் பின்பக்கம் நின்றது. மாடி அறைக்குள் அவர்களை விட்டு, தானும் நுழைந்து உள்பக்கம் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே காத்திருந்த அம்மாள், சந்தையில் மாடு பிடிப்பவளைப்போல ஒவ்வொருத்தியின் முகவாயையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒருத்தியிடம் வந்ததும் முகம் சுளித்தாள்.

"என்ன சார், இவ இவ்வளவு சதையா இருக்கா?"

"கேட்டது ஆறு, கொண்டாந்தது ஆறு. மேலிடத்துல தலையைத்தான் எண்ணுவாங்க, எடை போட மாட்டாங்க."

அம்மாள் காஜாவின் பின்னலை அவிழ்த்துக் கலைத்துவிட்டாள்.

"என்ன வேலைன்னு சொல்லுங்கம்மா" என்றாள் காஜா.

"தலையைக் குனிஞ்சு நிக்கணும். வாயைத் திறக்கக் கூடாது. பெரிய மனுஷர் கையைப் பிடிச்சா, பேசாம பிடிக்க விடணும்."

காஜா கதவுப் பக்கம் நகர்ந்தாள். இரண்டு வயது மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எனக்கு இந்த வேலை வேணாம். வீட்டுக்குப் போறேன்."

"ஒரு ஆள் குறைஞ்சாலும் என் தலை உருளும். உக்காரு" என்றார் கண்ணாடிக்காரர்.

அவர் திரும்பிய நேரம் பார்த்து ஜன்னலுக்கு ஓடினாள். கீழே ஒரு போலீஸ் ஜீப், பக்கத்தில் ஓர் இன்ஸ்பெக்டர். போன உயிர் திரும்பி வந்தது.

"ஐயா, எங்களை அடைச்சு வச்சிருக்காங்க. காப்பாத்துங்கய்யா."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நிமிடம் பூட்ஸ் சத்தம் படியேறி வந்து கதவைத் தட்டியது. கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டைத் திறந்தார். ஆறு பெண்களும் கதறியபடி வாசலுக்கு ஓடினார்கள். காஜா இன்ஸ்பெக்டரின் காலிலேயே விழுந்தாள்.

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போய், கண்ணாடிக்காரருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்: "அமைச்சர் வந்துட்டாரு சார், ஆள்கடத்தல் கும்பல்கிட்ட இருந்து இந்த வருஷம் நம்ம துறை மீட்ட ஆறு பேரையும் மேடைக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."