பச்சைப் பொட்டலம்

"கடிகாரம் ஒரு தடவைகூடக் குதிக்கலையா?" என்று கேட்டார் மேலாளர் லியாவ்.

"இன்னும் இல்லை சார்" என்றான் யாவ்திங். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

மருந்து பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தின் சோதனைக்கூடம் அது. மேசைமேல் சிப் பொருத்திய ஒரு சோதனைப் பலகை வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. தைச்சுங் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் கெட்ட பெயர் வாங்கிய மருந்து பம்புக்குள் இருப்பதும் இதே சிப், இதே நிரல்தான். அந்த பம்ப் நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டிய மருந்தைக் கொஞ்ச நேரத்திலேயே நோயாளிக்குள் இறக்கிவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். பழி நர்ஸ் மேல் விழுந்தது. எண்ணைத் தவறாக அழுத்திவிட்டாளாம்.

யாவ்திங் அதை நம்பவில்லை. அந்த வகைச் சிப்பின் கடிகாரம் எப்போதாவது ஒரு பொய் சொல்லும். ஒரு நிமிடம் போயிருந்தால் ஒரு மணி நேரம் போய்விட்டது என்று காட்டும். பம்ப் உடனே 'ஐயோ, தாமதமாகிவிட்டது' என்று பாக்கி மருந்தையெல்லாம் தள்ளிவிடும். அதற்காகவே அவன் முன்பு நிரலில் சில வரிகள் எழுதி வைத்திருந்தான். கடிகாரத்தை இரண்டு முறை படி, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் நம்பு. புதிதாக வந்த இந்தச் சிப்பில் அந்தக் கோளாறு இல்லை, வீணாக பேட்டரி தின்கிறது என்று சொல்லி அந்த வரிகளை எடுக்க வைத்தவர் லியாவ்.

இப்போது கடிகாரம் ஒரே ஒரு முறை பொய் சொன்னால் போதும். சொல்லமாட்டேன் என்கிறது. இத்தனை வருடம் எந்தக் கோளாறு வரக்கூடாது என்று பயந்தானோ, அது வராதா என்று இன்று காத்திருந்தான்.

"சாமி பொட்டலம் எல்லாம் பலமா இருக்கே. காலாவதி ஆகலையே?" என்று லியாவ் கிண்டலாகப் பலகையைக் காட்டினார். அதன்மேல் தேங்காய் வாசனைச் சோளப்பொரி ஒரு பொட்டலம் உட்கார்ந்திருந்தது. பச்சை உறை. அதன் பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்றுதான் அர்த்தம். இயந்திரம் மக்கர் பண்ணாமல் ஓட அதன் தலைமேல் இதை வைப்பது அந்த ஊர் நம்பிக்கை. உறை பச்சையாகத்தான் இருக்க வேண்டும்; சிவப்பு ஆகாது, மஞ்சள் ஆகாது, காலாவதியும் ஆகக்கூடாது. அந்தக் கூடத்தில் பொட்டலம் இல்லாத இயந்திரமே கிடையாது. இதை வைத்தவன் யாவ்திங்தான், பழக்க தோஷத்தில்.

எதிரே நாற்காலி நுனியில் நர்ஸ் ஜியன் யூரோங் உட்கார்ந்திருந்தாள். அன்று செய்ததை அப்படியே செய்துகாட்டச் சொல்லி வரவழைத்திருந்தார்கள். அவளும் ஒரு பம்பில் எண்களை அழுத்திக் காட்டிவிட்டாள். ஒன்றும் பிசகவில்லை.

"இங்க சரியாத்தான் அழுத்தறீங்க" என்றார் லியாவ். "அங்க என்ன அழுத்தினீங்களோ, யாருக்குத் தெரியும்?"

அவர் மருத்துவமனைக்கு அனுப்பவேண்டிய பதில் கடிதத்தை முன்னால் இழுத்து, முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்தார். 'இயந்திரத்தில் குறை இல்லை' என்றது கடிதம். அது போய்ச் சேர்ந்தால் யூரோங் இனி எந்த வார்டிலும் கால் வைக்க முடியாது.

"கொஞ்சம் இருங்க சார்." யாவ்திங் அவள் பக்கம் திரும்பினான். "சிஸ்டர், அன்னைக்கு மெஷின்ல வேற எதையாவது தொட்டீங்களா?"

"இல்லை" என்றாள். கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று.

இவள் எதையோ மறைக்கிறாள். ஒருவேளை லியாவ் சொல்வதுதான் சரியோ? ஒரு வாரமாக ஒரு பொய்க்காகவா மல்லுக்கு நின்றோம்?

"சிஸ்டர், உங்களுக்காகப் பேசறது நான் ஒருத்தன்தான். என்கிட்டயாவது சொல்லிடுங்க."

அவள் மடியிலிருந்த பையின் வாரைத் திருகினாள். குரல் கீழே போயிற்று.

"சிரிக்கக் கூடாது. அன்னைக்கு வரவேண்டியவ வரலை. அவ வேலையையும் சேர்த்து நானே பார்த்தேன். சாப்பிடவே நேரம் கிடைக்கலை. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. எங்க வார்டிலயும் எல்லா பம்ப் தலையிலயும் பச்சைப் பொட்டலம் இருக்கும். அந்த பம்ப் மேல இருந்ததை எடுத்துச் சாப்பிட்டுட்டேன். அப்புறம் புதுசு வாங்கி வச்சிடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. வார்டில தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க."

லியாவ் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப மெஷினுக்குக் கோபம் வந்துடுச்சு. இதையும் கடிதத்தில சேர்த்துடலாமா யாவ்திங்?"

யாவ்திங் சிரிக்கவில்லை. பம்பின் தலையில் என்ன இருக்கிறது என்று யோசித்தான். காற்றுத் துளைகள். அதற்கு நேர் கீழே சிப். பொட்டலம் துளைகளை மூடியிருந்தால் சிப் சூடாகவே இருக்கும்; எடுத்துவிட்டால் குளிர்ந்துபோகும்.

அவன் மெதுவாகக் கையை நீட்டித் தன் பலகை மேலிருந்த பொட்டலத்தை எடுத்தான். அடிப்பக்கம் அப்போதுதான் சுட்ட ரொட்டிபோல வெதுவெதுப்பாக இருந்தது. வாரம் முழுக்கப் போர்வை போர்த்தியிருந்த சிப்பின் மேல், முதல் முறையாகக் குளிர்சாதனக் காற்று பட்டது.

லியாவின் கையில் முத்திரை அந்தரத்தில் நின்றது.

திரையில் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்த கடிகாரம் சட்டென்று ஒரு மணி நேரம் முன்னால் தாவியது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை தாவியது.

லியாவின் இன்னொரு கை பதறிப்போய்ப் பொட்டலத்தைப் பிடுங்கி மறுபடியும் பலகைமேல் வைக்க வந்தது. யாவ்திங் அதற்கு இடம் கொடுக்காமல் உறையைக் கிழித்து யூரோங்கின் முன்னால் நீட்டினான்.

"சாப்பிடுங்க சிஸ்டர்."