ஆச்சேக்காரர்களின் மைதானம்

அந்த வாரம் முழுக்க ஏகநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கீழ்க்கட்டளையில் அவர் வீட்டுத் தெருமுனையில் இருக்கும் காலி மைதானத்தில் குப்பை தரம் பிரிக்கும் மையம் வரப்போவதாக மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சும்மா இருக்க முடியுமா? ஆனால் நாற்றம் அடிக்கும், வீட்டு விலை இறங்கும் என்று எல்லாத் தெருக்காரர்களும்தான் சொல்கிறார்கள். புதிதாக ஒரு காரணம் வேண்டும். யோசித்துக்கொண்டிருந்தபோது மைதானத்திலிருந்து கைதட்டல் கேட்டது. காரணம் கிடைத்துவிட்டது.

இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்து, கேளம்பாக்கம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் எட்டுக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் இருந்தன. ஞாயிறுதோறும் அவர்கள் பிள்ளைகள் மைதானத்தில் பாய் விரித்து, தோளோடு தோள் ஒட்டி வரிசையாக மண்டியிட்டு, மார்பிலும் தொடையிலும் தட்டிப் பாடி ஆடுவார்கள். இங்கேயே வளர்ந்த பிள்ளைகள். தாய்மொழி அவர்கள் வாயில் வருவது அந்தப் பாட்டில் மட்டும்தான். சொல்லிக்கொடுப்பவள் நூரைனி.

"ஒரு இனத்தோட கலாசாரமே அழியப் போவுது, ஹேமா" என்றார் மனைவியிடம்.

"எந்த ஊர்க்காரங்க?"

"ஆச்சே."

"என்ன ஆச்சே?" என்றாள் ஹேமாவதி.

அவளுக்கு விளக்க நேரமில்லை. போன மழைக்காலத்தில், வாரம் ஒரு மணி நேரம் சங்கக் கூடத்தைத் தர முடியுமா என்று நூரைனி கேட்டபோது, சத்தம் தாங்காது என்று இதே ஏகநாதன்தான் திருப்பி அனுப்பினார். அதை நினைத்துப் பார்க்கவும் நேரமில்லை.

வீடு வீடாக ஏறி நூற்று நாற்பது கையெழுத்து வாங்கினார். 'ஆச்சே கலாசாரம் காப்போம்' என்று பேனர் அடித்தார். கூட்டத்துக்கு வந்து ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று நூரைனியைக் கேட்டுக்கொண்டார். அவள் வருவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை சங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. ஏகநாதன் பேசப் பேசக் கைதட்டல். வரைபடத்தோடு வந்திருந்த மாநகராட்சி இன்ஜினியர் கோகிலவாணியே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஜெயித்தாகிவிட்டது. ஏகநாதன் தழுதழுத்த குரலில் நூரைனியை மைக்குக்கு அழைத்தார்.

மீன் விற்கும் பச்சையம்மா நூரைனிக்குப் பக்கத்து வீடு. அவளிடம் பத்து வருஷமாகப் பழகிய தமிழ் இவளுக்கு.

"எங்க ஆட்டத்துக்கோசரம் இவ்ளோ பேரு கையெழுத்து போட்டுகீறீங்க. ரொம்ப சந்தோசம். ஆனா அந்த மையம் இங்கதான் வரணும்னு மனு குடுத்ததே நான்தான்."

கூடம் சலசலத்தது. ஏகநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஞாயிறு காலை பாய் விரிக்கும் முன்னால், மைதானத்தில் வீசியிருக்கும் குப்பைப் பைகளைப் பொறுக்கவே ஒரு மணி நேரம் ஆகிறதாம். போன மாதம் ஒரு பெண்ணுக்கு முழங்காலில் கண்ணாடி குத்தி மூன்று தையல். குப்பைக்கு ஒழுங்காக ஓர் இடம் இருந்தால், தரை தங்களுக்குக் கிடைக்கும் என்றாள்.

கோகிலவாணி வரைபடத்தை விரித்துக் காட்டினார். மைதானத்தின் ஒரு மூலையில் மூடிய ஷெட். அதற்கு மேல் மாடியில் மழைக்கு நனையாத பெரிய கூடம். ஞாயிறு காலை ஆட்டத்துக்கு, மற்ற நேரமெல்லாம் தெருவுக்கே. கூடம் வேண்டும் என்று கேட்டதும் நூரைனியின் மனுதான்.

அவ்வளவுதான். ஏகநாதனுக்குத் தட்டிய கைகளெல்லாம் இன்னும் பலமாகத் தட்டின. மாடியில் பிறந்தநாள் விழா வைக்கலாமா என்று ஒருவர் இப்போதே கேட்டார். தங்கள் பிள்ளைகளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நூரைனிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "அது சரி, மைதானத்துல குப்பையைக் கொட்டறது யாரு? பேரைச் சொல்லும்மா, கேட்டுடுவோம்."



"தெரியலீங்க" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டு நூரைனி இறங்கினாள்.

கூட்டம் முடிந்து, செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஏகநாதனிடம் தனியாக வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே, பார்சல் அட்டைகளிலிருந்து பத்திரமாகப் பிரித்தெடுத்த விலாசச் சீட்டுகள், முப்பது நாற்பது இருக்கும்.

"குப்பைப் பையில கெடைச்சுது. எல்லாத்துலயும் உங்க பேரு, போன் நம்பரு கீது சார்" என்றாள் மெதுவாக. "யாரு கையிலனா மாட்டிக்கப் போவுது. இனிமே கிழிச்சிட்டுப் போடச் சொல்லுங்க வூட்ல."