ஒரு மடக்கு

திராட்சைப் பந்தல் போட்டு, மகன்களோடு சேர்ந்து ஒயின் ஆலையும் கட்டிய வனராசு தன் ஒயினில் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. கல்யாணமான புதிதில் சாராய வாடையோடு வந்து நின்ற அன்றே, காமுத்தாய் அவன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். பீப்பாய் திறக்கும்போதெல்லாம் அவனுக்காக ருசி பார்ப்பவளும் அவள்தான்.

“எப்புடியிருக்கு புள்ள?”

“நல்லாருக்கு.”

“நல்லாருக்குன்னா?”

இருபது வருஷமாக இதே பேச்சு. இந்த முறை அவள் கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள்.

“எனக்குச் சொல்லத் தெரியல. நீங்களே பாத்துக்கங்க.”

ஒரு மடக்கு மிச்சமிருந்த கிளாஸை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பந்தலுக்குள் நடந்தாள். வனராசு கிளாஸை மூக்கருகே பிடித்தபடி, கொடிகளுக்கு அடியில் போய்க்கொண்டிருந்த அந்த நரைத்த தலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.